சந்தைக்குப் போய்த் திரும்பும் வழி

அன்புள்ள குழந்தைக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. கிராம சபைக் கூட்டத்துக்கு முதன்முறையாகப் போய்வந்ததைப் பற்றி நீ விஸ்தாரமாக எழுதியிருந்ததையெல்லாம் சந்தோஷத்தோடு வாசித்துக்கொண்டே வந்தேன். ஆனால் கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்வி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மகளிர் குழுக்களுக்குக் கிடைக்கும் கடனையும் மானியத்தையும் விளக்கிச் சொல்ல அதிகாரி வந்திருந்த இடத்தில், குழுப் பெண்கள் எழுந்து நின்று, நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் விளக்கு வேண்டும், பள்ளிக்கூடத்தருகே வேகத்தடை வேண்டும், விடியற்காலைப் பேருந்து நின்றுபோய்விட்டது, அது மறுபடியும் வரவேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டார்கள் என்று சொல்லி, "தொழிலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் சாலையைப் பற்றிப் பேசுவது விஷயம் புரியாததனால்தானே, ஐயா?" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கூட்டத்தில் விஷயம் நன்றாகப் புரிந்திருந்தவர்கள் அந்தப் பெண்கள்தாம் என்பது என் அபிப்பிராயம். உன் வயதில் இப்படித் தோன்றுவதில் தவறில்லை. பெரிய பதவிகளில் இருந்து திட்டங்களை வகுத்தவர்களுக்கும் இப்படியே தோன்றிவந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வெகுகாலமாக உள்ள வருத்தம்.

சுய உதவிக் குழு எப்படி அமைகிறது, வங்கி அதற்கு எந்த நிபந்தனைகளோடு கடன் கொடுக்கிறது, 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய முயற்சி 1997-98-இல் மகளிர் திட்டமாக எவ்வாறு விரிந்தது என்பவையெல்லாம் உனக்குத் தெரிந்தவை. அவற்றை நான் மறுபடியும் சொல்லப் போவதில்லை. கடன் கைக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சற்றே யோசித்துப் பார்.

கடன் வாங்கிய பெண் கீரை வாங்குகிறாள், மீன் வாங்குகிறாள், பூ வாங்குகிறாள், அல்லது இட்லி மாவு அரைத்து வைக்கிறாள். இவை ஒவ்வொன்றும் பொழுது ஏற ஏற விலை இறங்குகிற சரக்கு. அதிகாலையில் சந்தைக்குள் நுழைந்தவளுக்குக் கிடைக்கும் விலை, பேருந்து கிடைக்காமல் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தவளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, வங்கி மேலாளர் எழுதிக் கொடுத்த தொகைக்கும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும் லாபத்துக்கும் இடையில் இருப்பது ஒரு சாலைதான்; அந்தச் சாலை நீளமாகவும் இருட்டாகவும் அபாயமாகவும் இருக்குமானால், வட்டியை எவ்வளவு குறைத்தாலும் அந்த வியாபாரம் செழிக்காது. இதைச் சொல்லும்போது என்னைப் பொருளாதாரம் தெரியாத தமிழ் வாத்தியார் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் நல்ல சாலைகள் தூரத்து ஊர்களையும் நகரத்துக்கு அருகிலுள்ள ஊர்களோடு சமநிலைக்குக் கொண்டுவருகின்றன என்பதை 1776-இலேயே ஆடம் ஸ்மித் தம் பெருநூலில் எழுதிவைத்திருக்கிறார் என்பதை அவர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

ஆயினும் எனக்குப் பிரமாணம் ஸ்மித் அல்ல, கடியலூர் உருத்திரங்கண்ணனார். பெரும்பாணாற்றுப்படையை நீ தேர்வுக்காகப் படித்திருப்பாய். தேர்வு முடிந்தபின் ஒருமுறை நிதானமாகப் படி என்று உன் வகுப்புக்கே நான் சொல்லியிருக்கிறேன். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த அந்த 500 அடிப் பாட்டில், புலவர் அரசனுடைய ஆட்சி நிலையைச் சொல்லத் தொடங்கியதும் முதலில் எடுத்துக்கொள்வது என்ன? அவன் நாட்டு வழிகளில் பிரயாணிகளை அடித்துப் பறிப்பவர்கள் இல்லை என்பதைத்தான். அதையடுத்து உப்பு வணிகரின் வண்டிகள் வரிசையாக வருகின்றன. அந்த வண்டியில் கோழிக் கூடு கட்டியிருக்கிறது, ஊறுகாய்ப் பானை தொங்குகிறது. கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். வண்டியை நடத்தும் காரியம் அவளுடையது. அதற்குப் பின் மிளகுப் பொதி சுமந்த கழுதைகளும், சுங்கம் வாங்கும் பெருவழியும், வழிகள் பிரியும் இடத்தில் வில்லேந்திக் காவல் நிற்பவர்களும் வருகிறார்கள். இன்னும் சிறிது தூரம் போனால், மோர்ப்பானையைத் தலையில் சுமந்து விற்றுவரும் ஆய்மகளைக் காண்கிறோம். மோருக்குக் கிடைத்த தானியத்தால் சுற்றத்தார் அனைவருக்கும் உணவளிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தாலும் வாங்காமல், எருமையும் பசுவும் வாங்கிக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியில் நான் எத்தனையோ முறை நின்றுபோயிருக்கிறேன். கிடைத்த லாபத்தை முடக்கிவைக்காமல் மேலும் பால் தரும் முதலாக மாற்றுகிற அந்தப் பெண்ணுக்குத் தொழிலறிவைப் பற்றி எந்த அதிகாரியும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவளுக்கு அரசன் செய்த உதவி, புலவர் வாக்கின்படி, காவலுள்ள வழி; அந்த ஒன்றை அவன் சரிவரச் செய்ததனால் மற்றவற்றை அவளே செய்துகொண்டாள். வரிசையைக் கவனி: முதலில் அச்சமற்ற பாதை, பிறகு வண்டி ஓட்டும் பெண், பிறகு வியாபாரம் செய்யும் பெண். இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று உரையெழுதுவோர் சொல்லலாம், நான் ஒப்புவதில்லை. ஔவையார் புறநானூற்றில் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகர் மேடுபள்ளங்களை எண்ணி வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவதைச் சொல்கிறார். பிரயாணத்தின் அபாயத்தைப் புறப்படுமுன்பே கணக்கில் எடுத்துக்கொள்வது வியாபாரத்தின் ஓர் அங்கம் என்பதை இந்நாட்டுப் பெண்மக்கள் அறிந்து வெகுகாலமாகிறது. கிராம சபையில் எழுந்து நின்ற பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

பழைய பாட்டைவிட்டு நம் காலத்துக்கு வருவோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுதப் படிக்கக் கற்பிப்பதோடு சைக்கிள் ஓட்டக் கற்பிப்பதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். முத்து பாஸ்கரன் அதற்கென்றே எழுதிய பாட்டு ஊரூராகப் பாடப்பட்டது. இந்த வரலாற்றை 1996-இல் வெளிவந்த தம் நூலில் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதும், அது ஹிந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு வடநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமானதும் நீ அறிந்திருக்க மாட்டாய். நம் ஊர்க் கதையை அவர்கள் பாடமாகப் படிக்க, நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது.

சைக்கிளை இங்கே நான் ஏன் பெரிதாகப் பேசுகிறேன் என்பதைச் சொல்கிறேன்: அதே மாவட்டத்தில் அதே காலத்தில் கல்குவாரிகளில் கூலிகளாக இருந்த பெண்களின் குழுக்களுக்கு அந்தக் குவாரிகளையே குத்தகைக்கு விட்டார்கள். ஒப்பந்தக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, எதிர்த்தார்கள். கூலியாக இருந்தவள் குத்தகைதாரர் ஆகிவிட்டால் அவள் தாலுகா அலுவலகத்துக்குப் போகவேண்டும், வங்கிக்குப் போகவேண்டும், கல் வாங்குகிறவனைத் தேடிப் போகவேண்டும்; இவ்வளவுக்கும் கணவனுடைய ஓய்வையோ பேருந்தின் வரவையோ எதிர்பார்த்து நின்றால் குத்தகைப் பத்திரம் அவள் பெயரில் இருக்கும், தொழில் வேறொருவன் கையில் இருக்கும். பத்திரத்தை அவளுடையதாக்கியது சர்க்காரின் ஆணை; தொழிலை அவள் தானே நேரில் நடத்துவதற்கு வழி செய்தது சைக்கிள். அமெரிக்கரான பிரான்ஸிஸ் வில்லர்டு என்னும் அம்மையார் தமது 53-ஆவது வயதில் சைக்கிள் கற்று, அந்த அனுபவத்தை 1895-இல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். கிடைத்தால் படித்துப் பார். பீகாரில் 2006-இல் பள்ளிப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தபின், உயர்நிலை வகுப்பில் உரிய வயதில் சேர்ந்த பெண்களின் தொகை நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்ததென்றும், பள்ளியிலிருந்து தொலைவான ஊர்களிலேயே அந்தப் பலன் அதிகமென்றும் கார்த்திக் முரளீதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். தூரத்தைக் குறைப்பது பெண்களுக்குச் செய்யும் உபகாரங்களில் முதன்மையானது என்பதற்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். இதை வீண் செலவு என்று பேசுகிறவர்களோடு வாதாடி எனக்கு அலுத்துவிட்டது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டிருக்கிறார்கள். பூ விற்கும் பெண்ணுக்கு இது சிறிய தொகையா? தள்ளுவண்டிக்காரர்களுக்குப் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதலில் கொடுத்த கடனே 10,000 ரூபாய்தான். ஓர் ஆண்டுப் பேருந்துக் கட்டணம் அதற்கு ஏறக்குறையச் சமமாகிறது, அதுவும் திருப்பிக் கட்ட வேண்டாத தொகை. குழுப் பெண்கள் தங்கள் உற்பத்திப் பொருளில் 25 கிலோ வரை பேருந்தில் சுமைக்கூலி இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்று அண்மையில் அனுமதித்திருப்பதும் மிகவும் நியாயமான காரியம். ஆனால் உத்தரவு மட்டும் போதாது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியைத் துர்நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதும், அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதும் நாடறிந்த செய்தி. உழைத்துவிட்டு வருகிறவளுடைய கூடையின் வாடையைச் சகிக்க முடியாத சமூகம் அவளுக்குக் கடன் கொடுத்துப் பெருமை பேசக்கூடாது.

சாலை அபாயத்துக்கும் குழுக் கடனுக்கும் நேரடியான ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைத் திட்டம் வகுப்போர் கவனிப்பதில்லை. 2022-இல் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். தேசமெங்கும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள்; ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களாயிற்றே, இதில் பெண்களின் தொழில் எங்கே வந்தது என்று நீ கேட்பாய். கணவனோ மகனோ விபத்தில் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவள் யார்? கடை மூடிக் கிடக்கும், சரக்கு அழுகும், கையிலிருந்த முதல் மருந்துக்குப் போகும். தவணை மட்டும் நிற்காது. குழுக் கடனோ கூட்டுப் பொறுப்பு. அவள் கட்டாததை மற்றவர்கள் கட்டவேண்டும். ஒரு வளைவில் விளக்கில்லாமற்போனதன் பலன், வளைவையே பார்த்திராத பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் கணக்குப் புத்தகத்தில் வந்து விழுகிறது. ஆகவே விளக்குக் கம்பம் கேட்ட பெண்கள் தங்கள் கடனுக்குக் காப்பீடு கேட்டார்கள் என்றே நான் கொள்கிறேன்.

இனி, கேட்பதிலும் ஒரு முறை உண்டு. அதையும் நீ கற்றுக்கொள்ள வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 60-இல் வந்தால் மோதலின் ஆற்றல் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அதனால்தான் மனிதர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30-க்கு மேல் வேண்டாம் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு பிரகடனம் செய்தது. வேகத்தைக் குறைக்க வேகத்தடை நல்லதுதான். ஆனால் நம் ஊர்களில் யாரோ இரவோடிரவாகத் தாரைக் குவித்துவிட்டுப் போகிறார்களே, அதற்குப் பெயர் வேகத்தடை அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாய், மெல்ல ஏறி மெல்ல இறங்குவதாய், வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் உடையதாய் இருக்கவேண்டும். கோடில்லாத குறுகிய மேட்டில் வண்டி தூக்கியடிக்கும்போது முதலில் கீழே விழுகிறவள், ஒரு பக்கமாக உட்கார்ந்து பின்னால் வரும் பெண்தான். பெருநெடுஞ்சாலையில் அந்தத் தடையே போடக்கூடாது; அங்கே விளக்கும், அதிர்வுக் கோடுகளும், சுரங்கப்பாதையும், அணுகுசாலையும்தான் கேட்கவேண்டும். ஆத்திரத்தில் எதையாவது போட்டு வைத்தால் போதும் என்று எண்ணுவது படித்த பெண்ணுக்கு அழகல்ல.

யாரிடம் கேட்பது என்பதும் அதே அளவு முக்கியம். தேசிய நெடுஞ்சாலை ஒருவர் பொறுப்பு, மாநில நெடுஞ்சாலை வேறொருவர் பொறுப்பு, ஊராட்சி ஒன்றியச் சாலை இன்னொருவர் பொறுப்பு, தெருவிளக்கோ ஊராட்சியின் பொறுப்பு. பாலையும் மோரையும் சுமந்துபோகிற பெண் இந்த நான்கு பேருடைய எல்லைகளையும் ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடுகிறாள். அவளுடைய விண்ணப்பம் மட்டும் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக ஓராண்டு எடுத்துக்கொள்கிறது. அதனால் தீர்மானம் எழுதும்போதே, எந்தச் சாலை, எந்த இடம், யாருடைய பொறுப்பு, அங்கே நடந்த விபத்துகள் எவை என்பதைக் குறிப்பிட்டு எழுதவேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் செய்தாயிற்று. அந்த இடங்களில் உட்காருகிறவர்கள் இதைக் கையிலெடுத்தால் அசையாதது இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அகற்றிய கடைகளைக் கிராமங்களுக்குள் கொண்டுவந்து வைக்க முயன்றபோது ஊர் ஊராகப் பெண்கள் திரண்டு தடுத்ததும் உனக்கு நினைவிருக்கலாம். தூரம் பிற்பாடு சிற்றூர்களில் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆயினும் சாலைப் பாதுகாப்பு ஊர்ப் பெண்களின் விஷயம் என்பதை அந்தப் போராட்டங்கள் நிரூபித்துவிட்டன.

இவ்வளவு செய்தும் விபத்து நேர்ந்துவிடலாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவைச் சர்க்கார் ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடந்துவருகிறது என்பதையும், அடிபட்டவரைக் கொண்டுசேர்த்தவரைப் போலீஸார் தொந்தரவு செய்யாதபடி 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாக்கிறது என்பதையும் உன் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள்? குழுக் கூட்டத்தில் தவணைக் கணக்கு வாசித்து முடிந்தபின் ஐந்து நிமிஷம் எடுத்து இதைச் சொல். யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெண்களின் தொழிலுக்கு அரசாங்கம் செய்யும் உதவி, கடன் சீட்டில் கையெழுத்தானதோடு முடிவதாகக் கொள்வது பெரும் பிசகு; கடன் வாங்கியவள் இருட்டில் புறப்பட்டு, விற்று, வெளிச்சமுள்ள வழியில் உயிரோடும் பணத்தோடும் வீடு திரும்பும் வரையில் அந்தக் கடமை நீடிக்கிறது. மகளிர் குழுக்களைப் பற்றி நீ எழுதவிருக்கும் கட்டுரையில் இதை எழுதாமல் கடன் தொகைகளின் அட்டவணையை மட்டும் நிரப்பி அனுப்பினாயானால் நான் திருத்தாமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

நீயும் ஒரு காரியம் செய்யவேண்டும். உன் அம்மா ஸ்கூட்டர் வாங்க யோசிப்பதாக எழுதியிருந்தாய். 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்தபோது, ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்று வைத்திருந்த நிபந்தனையை நான் மனமாரப் பாராட்டினேன். நீங்கள் இருவரும் அந்த முறையையே பின்பற்றி, வண்டிக்கு முன் உரிமம் வாங்குங்கள். பின்சக்கரத்தின் பாதியையாவது மூடுகிற சேலைக் கம்பி இருக்கவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்குக் குறைவென்று கடைக்காரர் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதே. துப்பட்டாவை முடிந்துகொள். தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு ஒன்று, பின்னால் உட்காருகிறவருக்கு ஒன்று என இரண்டாக வாங்கு. விலையைப் பார்த்துத் தயங்கினால் எனக்கு எழுது, இரண்டாவதை நான் வாங்கி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
உன் ஆசிரியன்.